இசைக்கவையா, ஆடியோகிராமா, கைப்பேசிச் செயலியா: கேட்கும் திறனை எதைக்கொண்டு சோதிப்பது?

காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கிறவன் என்பதால் என்னிடம் வரும் கேள்விகளில் இரண்டு அடிக்கடி திரும்பி வருகின்றன. முதலாவது, வயதான பெற்றோரை உடன் வைத்திருக்கும் பிள்ளைகள் கேட்பது: “அப்பாவின் நெற்றியில் ஒரு கம்பியைத் தட்டி வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஒன்றுமில்லை என்றார்; ஆனால் வீட்டில் அவருக்குப் பாதிப் பேச்சு புரிவதில்லை. இனி ஆடியோ டெஸ்ட் எடுக்க வேண்டுமா, கைப்பேசியில் பார்த்தால் போதுமா?” இரண்டாவது, சிறிய ஊர்களில் புதிதாகக் கிளினிக் தொடங்கும் இளம் மருத்துவர்கள் கேட்பது: “ஆடியோமீட்டர் வாங்க வசதியில்லை, ஓர் இசைக்கவையை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா?”

அந்தக் கம்பிதான் இசைக்கவை. ஆடியோ டெஸ்ட் அல்லது ஆடியோமெட்ரி என்பது ஆடியோமீட்டர் என்ற கருவியால் கேட்கும் திறனை அளப்பது; அதன் முடிவு வரைபடமாக வரும் தாளே ஆடியோகிராம். இரண்டு கேள்விகளுக்கும் பதில் சோதனைக் கருவியில் இல்லை, நாம் அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையையும் எடைபோடுவதற்கு முன், எதை வைத்து எடைபோடுவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

காது கேட்கவில்லை என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், விடை தேட வேண்டியவை மூன்று. கேட்கும் திறன் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் எவ்வளவு? குறை எந்த இடத்தில் இருக்கிறது? இவற்றுள் மூன்றாவதுதான் சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கிறது. காதுக் குறும்பி அடைத்திருந்தாலும், செவிப்பறை கிழிந்திருந்தாலும், நடுக்காதில் நீர் தேங்கியிருந்தாலும், சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகளில் ஒன்று இறுகிப்போயிருந்தாலும், ஒலி உட்காதைச் சென்று சேரவில்லை என்பதே சிக்கல். இதைக் கடத்தல் குறை என்போம். பெரும்பாலும் மருந்தாலோ அறுவையாலோ சரிசெய்ய முடிவது இது. ஒலி உட்காது வரை சரியாகப் போய்ச் சேர்ந்த பிறகு, நத்தை ஓடு போன்ற காக்ளியாவோ அதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்போ பழுதுபட்டிருந்தால் அது நரம்புவழிக் குறை. முதுமையில் வருவதும், இரைச்சலான ஆலையில் வேலை செய்து வருவதும், திடீரென ஒரே நாளில் ஒரு காது அடங்கிப்போவதில் அஞ்ச வேண்டியதும் இந்த இரண்டாம் வகையே.

இந்த மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: சோதனை தவறாகச் சொன்னால் யார், என்ன இழப்பார்கள்? விலையைப் பலரும் கேட்கிறார்கள், இதைக் கேட்பவர்கள் குறைவு. சில நூறு ரூபாய்க் கருவி கொடுத்த தவறான ஆறுதலால் ஒரு காதையே இழக்க நேரலாம். அதற்கு நேர்மாறாக, தேவையில்லாத சோதனைக்காக 60 கிலோமீட்டர் பேருந்தில் போய்வந்த மூதாட்டிக்கு ஒரு நாள் உடல்வலியும், கூட வந்த மகனுக்கு ஒரு நாள் கூலியும் போகின்றன. மறைந்திருக்கும் செலவு என்று நான் சொல்லப்போவது இந்த இரண்டு வகையையும் சேர்த்துத்தான்.

## கிசுகிசுப்புச் சோதனை

காசே செலவில்லாத இதிலிருந்து தொடங்குவோம். சோதிப்பவர், உட்கார்ந்திருப்பவரின் முதுகுப் பக்கம், ஒரு கை நீளத் தொலைவில், அதாவது ஏறக்குறைய 60 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். எதிரே நின்றால் உதட்டசைவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சோதிக்காத காதின் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பு மடலை விரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் காது குறுக்கிடாது. மூச்சை முழுவதுமாக வெளியே விட்ட பிறகு, மிஞ்சிய காற்றில் மூன்று எண்களையோ எழுத்துகளையோ கலந்து கிசுகிசுக்க வேண்டும். “நாலு, க, ஏழு” என்பதுபோல. மூன்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னால் அந்தக் காது தேறியது. இல்லையென்றால் வேறு மூன்று. மொத்தம் ஆறில் குறைந்தது மூன்று சரியாக இருக்க வேண்டும்.

எளிமையைக் கண்டு இதைத் தாழ்வாக எண்ணிவிடக் கூடாது. கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதில்லை. அதனால் அதில் தாழ்ந்த சுருதி ஒலி மிகக் குறைவு, உயர்ந்த அதிர்வெண் ஒலியே மிகுதி. முதுமையில் முதலில் தேய்வதும் அந்த உயர்ந்த பகுதிதான். ஆகவே வயதானவருக்குக் குறை இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு, பின்னால் வரப்போகும் இசைக்கவையைவிட இது நம்பத்தக்க விடை தருகிறது.

இதன் பலவீனம் சோதிப்பவரின் குரல். எல்லோரும் ஒரே அளவில் கிசுகிசுப்பதில்லை. ஒரே ஆளும் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் கிசுகிசுப்பார். மூச்சை வெளிவிட்ட பின் பேச வேண்டும் என்ற விதி அதைக் கட்டுப்படுத்தத்தான். குறை எவ்வளவு, எங்கே என்ற கேள்விகளுக்கு இதனிடம் விடை கிடையாது.

## இசைக்கவை

பள்ளி அறிவியல் பாடத்தில் ஒலி அதிர்விலிருந்து பிறக்கிறது என்று காட்டுவதற்காக ஆசிரியர் தட்டிக் காட்டிய அதே இரட்டைக் கவர்க் கம்பிதான் இது. இலங்கைப் பாடநூல்களில் இதை இசைக்கவர் என்பார்கள். 1711இல் இங்கிலாந்தில் ஜான் ஷோர் என்ற எக்காள இசைஞர் சுருதி சேர்க்க உருவாக்கிய கருவி, நூறாண்டுக்கு மேல் கழித்துத்தான் மருத்துவத்துக்குள் நுழைந்தது. 1834இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் மண்டையோட்டில் வைத்த ஒலி எந்தக் காதின் பக்கம் சாய்கிறது என்பதை எழுதினார். 1855இல் அடால்ஃப் ரின்னே காற்றுவழிக் கேட்பையும் எலும்புவழிக் கேட்பையும் ஒரே காதில் ஒப்பிடும் முறையை எழுதினார். இன்றும் அந்த இரண்டு பெயர்களிலேயே இரண்டு சோதனைகளும் வழங்குகின்றன.

வெபர் சோதனையில் அதிரும் கவையின் அடியை நெற்றி நடுவிலோ உச்சந்தலையிலோ மேல்வரிசை முன்பற்களிலோ ஊன்றி, ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்க வேண்டும். இரு காதும் சமமாக இருந்தால் நடுவில் கேட்கும். ஒரு காதில் கடத்தல் குறை இருந்தால் அந்தக் குறையுள்ள காதின் பக்கமே ஒலி சாயும். ஒரு காதில் நரம்புவழிக் குறை இருந்தால் நல்ல காதின் பக்கம் சாயும். குறையுள்ள காதில் ஒலி கூடுதலாகக் கேட்பது எப்படி என்று வியப்பவர்கள் இப்போதே ஒரு காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டு “ம்ம்ம்” என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் உங்கள் குரல் பலமாகக் கேட்கும். அடைப்பின் வழியே வெளிச்சத்தம் உள்ளே வருவது நின்று, எலும்பு வழியாக வந்த ஒலியும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ரின்னே சோதனையில் கவையின் அடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டில் ஊன்றி, பிறகு கவர்களைக் காதுத் துளைக்கு நேராக ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, எங்கே வைத்தபோது ஒலி பெரிதாக இருந்தது என்று கேட்கிறோம். நல்ல காதுக்கும் நரம்புவழிக் குறையுள்ள காதுக்கும் காற்றில் பிடித்ததே பெரிதாகக் கேட்கும். இதைத்தான் மருத்துவச் சீட்டில் ரின்னே பாசிட்டிவ் என்று எழுதுகிறார்கள். பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்ததும் நோய் உறுதியாகிவிட்டது என்று அஞ்சி என்னிடம் ஓடிவந்தவர்கள் உண்டு. இங்கே பாசிட்டிவ் என்பது இயல்பான விடை. எலும்பில் வைத்தது பெரிதாகக் கேட்டால் அது நெகட்டிவ், அது கடத்தல் குறையின் அடையாளம்.

எந்தக் கவை வாங்குவது என்ற கேள்விக்கு என் விடை உறுதியானது: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 512 ஹெர்ட்ஸ். அதைவிடத் தாழ்ந்த 256 ஹெர்ட்ஸ் கவை சிறிய கடத்தல் குறையையும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் அதிர்வு எலும்பில் தொடுவுணர்வாகவும் தெரிவதால், கேட்காத ஒன்றையும் கேட்டதாக நோயாளி சொல்லிவிட வாய்ப்புண்டு. 1024 ஹெர்ட்ஸ் கவையின் ஒலியோ விரைவில் அடங்கிவிடும். மூன்றும் இருந்தால் குறையின் அளவைக்கூட ஓரளவு ஊகிக்கலாம்: 256இல் மட்டும் நெகட்டிவ் என்றால் காற்றுவழிக்கும் எலும்புவழிக்கும் இடையே ஏறத்தாழ 20 முதல் 30 டெசிபெல் இடைவெளி, 256, 512 இரண்டிலும் நெகட்டிவ் என்றால் 30 முதல் 45, மூன்றிலும் நெகட்டிவ் என்றால் 45 முதல் 60 என்று மருத்துவப் பாடம் சொல்கிறது. இது ஊகக் கணக்குதான். காது கேட்கும் கருவியின் அளவை இதை வைத்து முடிவு செய்ய முடியாது. 128 ஹெர்ட்ஸ் கவை காதுக்கே உரியதல்ல. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் அதிர்வுணர்வைச் சோதிப்பதற்கு உரியது. பல கிளினிக்குகளின் மேசையில் இருப்பது அதுவே என்பதால், கையில் எடுத்ததும் கம்பியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பது நல்லது.

### எங்கே ஏமாற்றும்?

இசைக்கவையின் பெரிய ஏமாற்று, மேலே சொன்ன முதல் கேள்வியில் இருக்கிறது. முதுமைக் கேளாமை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்குகிறது. 512 ஹெர்ட்ஸில் அந்தப் பெரியவருக்கு நன்றாகவே கேட்கும். இரு காதும் சமமாகத் தேய்ந்திருப்பதால் வெபர் நடுவில் நிற்கும். நரம்புவழிக் குறை என்பதால் ரின்னே இரு பக்கமும் பாசிட்டிவ். விடைச்சீட்டில் எல்லாம் இயல்பு. ஆனால் அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை; பட்டு என்றால் கட்டு என்கிறார், கட்டு என்றால் தட்டு என்கிறார். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் அந்த உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதே காரணம். தொடக்கத்தில் சொன்ன அப்பாவுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். இசைக்கவை பொய் சொல்லவில்லை, குறை எந்தப் பக்கம், எந்த வகை என்று மட்டுமே தெரிந்த ஒன்றிடம், குறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ஏமாற்று நான் என் கையாலேயே அனுபவித்தது. பயிற்சி முடித்த புதிதில், காலையில் எழுந்ததும் வலது காது அடைத்துக்கொண்டது என்று தறி ஓட்டும் ஒருவர் வந்தார். காதில் கொஞ்சம் குறும்பி இருந்தது. ரின்னே மட்டும் பார்த்தேன். காதுக்குப் பின்னால் வைத்தபோது கேட்கிறது, முன்னால் பிடித்தபோது கேட்கவில்லை என்றார். நெகட்டிவ், ஆகவே கடத்தல் குறை, ஆகவே குறும்பி என்று முடிவு செய்து சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது, உடனிருந்த மூத்த மருத்துவர் கவையை நெற்றியில் வைத்தார். ஒலி இடது பக்கம் சாய்ந்தது. வலது காது திடீர் நரம்புவழிக் கேளாமையில் முற்றிலும் அடங்கியிருந்தது. வலது எலும்பில் நான் வைத்த ஒலியை மண்டையோட்டின் வழியே இடது காது கேட்டிருக்கிறது. அதைத்தான் அவர் கேட்கிறது என்றார். போலி நெகட்டிவ் என்று பாடத்தில் படித்து, தேர்விலும் எழுதியிருந்தேன். ஸ்டீராய்டு அன்றே தொடங்கினோம், அவருக்குக் கேட்கும் திறன் பெரிதாகத் திரும்பவில்லை. முதல் நாளே தொடங்கியிருந்தால் திரும்பியிருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பை அவருக்கு நான் கொடுக்கவில்லை. வெபர் இல்லாமல் ரின்னேயை மட்டும் வைத்து நான் அதன்பின் எந்த முடிவும் எடுத்ததில்லை. எலும்பில் வைக்கும்போது மறுகாதில் சத்தம் கொடுத்து அதை மறைக்கவும் வேண்டும். அதற்கெனப் பாரனி இரைச்சல் பெட்டி என்ற சிறு கருவி உண்டு.

### மறைந்திருக்கும் செலவு

கவையின் விலை சில நூறு ரூபாய்தான், மின்சாரமோ பேட்டரியோ வேண்டாம், பல ஆண்டுகள் உழைக்கும். உண்மையான செலவு பழக்கத்தில் இருக்கிறது. மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் துணை ஒலிகள் கலந்துவிடும். முழங்கையிலோ ரப்பர்த் துண்டிலோ மெதுவாகத் தட்ட வேண்டும். கவர்களைச் சற்றே திருப்பிப் பிடித்தாலும் ஒலி மங்கிவிடும்: அதிரும் கவையைக் காதருகே ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பாருங்கள், நான்கு இடங்களில் ஒலி ஏறக்குறைய மறைந்துபோகும். அந்தக் கோணத்தில் பிடித்துவிட்டு நோயாளிக்குக் கேட்கவில்லை என்று எழுதினால் குற்றம் யாருடையது?

இதனோடு நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்கிறது. டாக்டர் எதையோ வைத்து “கேட்குதா?” என்றால், மரியாதைக்காகவே “கேட்குதுங்க ஐயா” என்பவர்கள் நம் பெரியவர்கள். ஆகவே கேட்குதா என்று கேட்கவே கூடாது. “முதலில் வைத்தது பெரிசா, இப்போது வைப்பது பெரிசா?”, “வலமா, இடமா, நடுவா?” என்று கேட்க வேண்டும். இடையில் ஒரு முறை தட்டாத கவையை வைத்துப் பார்ப்பதும் என் வழக்கம். வெபரில் இன்னொரு தயக்கம் உண்டு: கேட்காத காதின் பக்கம்தான் ஒலி வருகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, நல்ல காதைக் காட்டிவிடுவார்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கேட்கலாம், எது சொன்னாலும் சரி என்று முன்பே சொல்லிவிட்டால் விடை மாறிவிடுகிறது.

### எங்கே இதற்கு இணையில்லை?

ஒரு காது ஒரே நாளில் அடைத்துக்கொண்டால் இசைக்கவையைவிடப் பயனுள்ள கருவி எதுவும் அந்த அறையில் இல்லை. மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் குறைந்தது 30 டெசிபெல் நரம்புவழி இழப்பு ஏற்படுவதைத் திடீர் நரம்புவழிக் கேளாமை என்கிறோம். தலைக்குக் குளித்தேன், தண்ணீர் போய்விட்டது, சளி பிடித்திருக்கிறது என்று நோயாளியே காரணம் சொல்லிக்கொண்டு வருவார். பார்வைக்குக் குறும்பி அடைப்பும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும். வெபர் அடைத்த காதின் பக்கம் சாய்ந்தால் பொறுமையாகக் குறும்பியை எடுக்கலாம். நல்ல காதின் பக்கம் சாய்ந்தால் அன்றே ஆடியோமெட்ரிக்கும் ஸ்டீராய்டு சிகிச்சைக்கும் அனுப்ப வேண்டும், ஏனெனில் அந்த மருந்தின் பயன் முதல் இரண்டு வாரங்களில்தான் அதிகம். கவை இல்லாத இடத்தில் நோயாளியையே முனகச் சொல்லி எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்பதும் அவசரத்துக்கு உதவும்.

படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கும், காது அறுவை முடிந்து கட்டுப் போட்டிருப்பவருக்கும் ஹெட்ஃபோன் மாட்ட வழியில்லை. கவையை நெற்றியில் வைக்கலாம். அறுவைக்கு மறுநாள் ஒலி அறுவை நடந்த காதின் பக்கம் சாய்கிறது என்று நோயாளி சொல்லும்போது, உட்காது உயிரோடிருக்கிறது என்று அறுவை மருத்துவருக்கு வரும் நிம்மதியை நான் பலமுறை பட்டிருக்கிறேன். அங்கவடி எலும்பு இறுகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோய்க்குக் கத்தி வைப்பதற்கு முன்பும், ஆடியோகிராம் சொல்வதை 512 கவை ஆமோதிக்கிறதா என்று பார்ப்பது பழைய, நல்ல வழக்கம். இரண்டும் முரண்பட்டால் ஆடியோகிராமை மறுபடி எடுக்க வேண்டும்.

## கைப்பேசிச் செயலி

செயலிகளை ஒரே கூடையில் போட முடியாது. ஒரு வகை, வெவ்வேறு அதிர்வெண்களில் மெல்லிய ஒலி எழுப்பி, கேட்டதும் திரையைத் தொடச் சொல்லும். ஆடியோமெட்ரியின் சிறு வடிவம். ஹெட்ஃபோன் மாறினால் அளவும் மாறிவிடும் என்பது இதன் பெரும் குறை. இன்னொரு வகை, பின்னணி இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லி, கேட்ட எண்களைத் தட்டச் சொல்லும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஹியர்ஹூ செயலி இந்த வகை. பேச்சுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதத்தைத்தான் இது அளக்கிறது. ஆகவே ஹெட்ஃபோன் எதுவாயினும் விடை அவ்வளவாக மாறுவதில்லை. கல்யாண வீட்டில், பேருந்தில் பேச்சு புரியவில்லை என்ற அன்றாடத் துன்பத்துக்கு நெருக்கமான சோதனை என்ற வகையில் இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே காரணத்தால் அது ஒன்றைத் தவறவிடும். கடத்தல் குறை உள்ளவருக்கு வேண்டியது கூடுதல் சத்தம் மட்டும். ஒலியளவைத் தனக்கு வசதியாகக் கூட்டிவைத்துக்கொண்டால் பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே உயர்ந்து, அவர் நன்றாகத் தேறிவிடுவார். இரு காதுக்கும் ஒரே ஒலியைக் கொடுக்கும் வடிவத்தில், ஒரு காது மட்டும் பழுதானவரும் நல்ல காதின் உதவியால் தேறிவிடலாம். ஆக, இசைக்கவை எளிதில் பிடிப்பதைச் செயலி விடும். செயலி பிடிக்கும் முதுமைத் தேய்வைக் கவை விடும்.

மொழியும் ஒரு தடை. ஆங்கில எண்களைக் கேட்டுத் தட்ட வேண்டிய செயலியில் எழுபது வயதுத் தாய் தோற்றால், அது காதின் தோல்வியா, மொழியின் தோல்வியா, தொடுதிரைப் பழக்கமின்மையா என்று பிரித்தறிய முடியாது. கைப்பேசி பழகிய, நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள், குறிப்பாக இரைச்சலில் வேலை செய்கிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை தாங்களே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள இது நல்ல வழி.

## ஆடியோமெட்ரி

ஒலி புகாத அறையில், ஒவ்வொரு காதுக்கும் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, கேட்கக்கூடிய மிகச் சிறிய ஒலியைத் தேடிக் குறிப்பதே இது. ஹெட்ஃபோன் வழியாகக் காற்றுவழியும், காதுக்குப் பின்னால் பொருத்தும் அதிர்வியின் வழியாக எலும்புவழியும் தனித்தனியே அளப்பதால், மூன்று கேள்விகளுக்கும் ஒரே தாளில் விடை கிடைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் அளவுகளின் சராசரி 20 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 20 முதல் 35 வரை இலேசான இழப்பு. 35 முதல் 50 வரை மிதமானது. அதற்கு மேல் படிப்படியாகக் கூடும். காது கேட்கும் கருவி, அறுவை, ஊனச் சான்றிதழ் எதுவானாலும் இந்தத் தாள் இல்லாமல் நடக்காது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமில்லை. வெளியே எடுத்தால் பெரும்பாலும் சில நூறு ரூபாய் ஆகும். கருவி வாங்கிக் கிளினிக்கில் வைப்பதென்றால் கணக்கு வேறு: கருவி, அறை, ஆண்டுதோறும் அளவுத்திருத்தம், இயக்கத் தெரிந்த ஆடியாலஜிஸ்ட் என்று லட்சங்களில் போகும்.

தாளில் வரைபடமாக வருவதாலேயே இதைப் பிழையற்றது என்று எண்ணிவிட வேண்டாம். மின்விசிறி ஓடும் சாதாரண அறையில் எடுத்தால் தாழ்ந்த அதிர்வெண்களில் இல்லாத குறை தெரியும். மறுகாதை மறைக்காமல் எடுத்தால், எனக்கு நேர்ந்த அதே போலி விடை இங்கேயும் நேரும். வயதானவர்களின் தளர்ந்த காதுக் குழாயை ஹெட்ஃபோன் அழுத்தி மூடிவிடுவதால், இல்லாத கடத்தல் குறை தாளில் ஏறுவதும் உண்டு. குறும்பியை எடுக்காமலே சோதனை எடுப்பது இன்னொரு வழக்கமான பிழை. காது கேட்கும் கருவி விற்கும் இடத்தில் இலவசமாக எடுத்துத் தருகிறார்கள் என்றால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தாளை ஒரு மருத்துவர் காதை உள்ளே பார்த்துவிட்டுப் படிக்கும் முன் கருவிக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சீழ் வடியும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| முறை | குறை இருக்கிறதா? | எவ்வளவு? | எந்த வகை? | ஏமாற்றும் இடம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| கிசுகிசுப்பு | நன்றாகச் சொல்லும் | சொல்லாது | சொல்லாது | சோதிப்பவரின் குரல் கூடக் குறைய | ஏதுமில்லை |
| இசைக்கவை 512 | நம்ப முடியாது | சொல்லாது | நன்றாகச் சொல்லும் | முதுமைத் தேய்வு. முற்றிலும் அடங்கிய ஒரு காது | கைப்பழக்கம் |
| இரைச்சலில் எண் செயலி | நரம்புவழிக் குறையில் சொல்லும் | ஓரளவு | சொல்லாது | கடத்தல் குறை. ஒரு காதுக் குறை | மொழி, தொடுதிரைப் பழக்கம் |
| ஆடியோமெட்ரி | சொல்லும் | சொல்லும் | சொல்லும் | இரைச்சல் அறை. மறுகாதை மறைக்காதது | பயணம், கூலி இழப்பு, காத்திருப்பு |

## யாருக்கு எது?

பெற்றோருக்குச் சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்றால், வீட்டிலேயே கிசுகிசுப்புச் சோதனை செய்து பாருங்கள். தேறாவிட்டால் குறும்பியைப் பார்த்து எடுக்கச் சொல்லிவிட்டு நேராக ஆடியோமெட்ரிக்குப் போகலாம். இடையில் யாராவது கவை வைத்து இயல்பு என்று சொன்னாலும் அந்தப் பயணத்தைக் கைவிட வேண்டாம்.

ஒரு காது மட்டும், ஒரு நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் அடைத்திருந்தால் செயலியில் நேரத்தைச் செலவிடக் கூடாது. அன்றே, கவை வைத்திருக்கும் எந்த மருத்துவரிடமும் போய், நெற்றியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கு இந்த நான்கில் எதுவும் பொருந்தாது. பிறந்த ஒரு மாதத்துக்குள், குழந்தை பதில் சொல்லத் தேவையில்லாமல் கருவியே காதின் செயலை அளக்கும் ஓஏஇ அல்லது பெரா சோதனை எடுத்துவிட வேண்டும். கைதட்டினால் திரும்புகிறது என்ற ஆறுதலை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) அறுவை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கிடைக்கிறது என்பதால், தாமதத்துக்கு இங்கே இரட்டை விலை.

புதிதாகக் கிளினிக் தொடங்கும் மருத்துவருக்கு: ஆடியோமீட்டர் இல்லாமல் நீங்கள் நல்ல மருத்துவம் பார்க்க முடியும், காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பும் 512 கவையும் இல்லாமல் முடியாது. முதல் கேள்வியைக் கிசுகிசுப்பிடமும், மூன்றாவதைக் கவையிடமும் கேளுங்கள். இரண்டாவதற்கு அனுப்பி வையுங்கள். அனுப்பும் சீட்டில் “ஆடியோகிராம் தேவை” என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், எந்த நாளில், எந்த அதிர்வெண் கவையில், இரு காதிலும் ரின்னே என்ன, வெபர் எந்தப் பக்கம், மறுகாதை மறைத்தீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள். அந்தத் தாளோடு வருகிறவரின் ஆடியோகிராம் கவைக்கு முரணாக இருந்தால், சோதனை அறையில் இருப்பவர் அதை அப்போதே கவனித்து, அவர் ஊர் திரும்பும் பேருந்தில் ஏறும் முன் மறுபடி எடுத்துவிட முடியும்.